மூன்றாவது பைக் இருக்கட்டும், முதலில் அந்தச் சோக்கை உள்ளே தள்ளுங்கள்

கேள்வி: ஐந்து ஆண்டுகளாகக் காட்டுத் தடங்களிலும் பாறை மேடுகளிலும் டர்ட் பைக் ஓட்டுகிறேன். எடை 78 கிலோ. மாதம் இரண்டு ஞாயிறு, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் ஓட்டுவேன். என்னிடம் ஹோண்டா சிஆர்எஃப்250எஃப் இருக்கிறது. நான்கு மாதங்களுக்கு முன் 2016 மாடல் கேடிஎம் 300 இஎக்ஸ்சி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அதை ஆறு வாரம் எடுக்காமல் வைத்துவிட்டேன். இப்போது சோக் (குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் விடும் குமிழ்) இழுத்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது, சோக்கைத் தள்ளினால் நின்றுவிடுகிறது. சோக்கை இழுத்துவிட்டபடியே இரண்டு முறை ஓட்டியும் பார்த்துவிட்டேன். இன்னொன்று: பைக் மாற்றி ஓட்டும் நாளில் முதல் அரை மணி நேரத்துக்குள் எப்படியும் ஒரு முறை விழுகிறேன். இதற்கிடையில் நண்பர் ஒருவர் தன் 250 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் பைக்கைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். மூன்றையும் வைத்துக்கொள்ளலாமா, ஒன்றை விற்றுவிட வேண்டுமா?

பதில்: வாங்குவது, விற்பது எல்லாம் பிறகு. சோக்கை இழுத்துவிட்டு 300-ஐ ஓட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். சோக் போட்டால்தான் இன்ஜின் நிற்காமல் ஓடுகிறது என்றால், ஆக்ஸிலேட்டரின் சிறு திறப்பில் அதற்கு வேண்டிய பெட்ரோல் வரவில்லை, அல்லது எங்கோ கூடுதல் காற்று புகுகிறது என்று பொருள். உங்களுடையது பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டும் டூ ஸ்ட்ரோக். பெட்ரோல் குறைந்தால் அதோடு சேர்ந்து வரும் ஆயிலும் குறையும். ஆக்ஸிலேட்டரை மூடிவிட்டு நீண்ட இறக்கத்தில் இறங்கும்போது பின்சக்கரம் இன்ஜினை வேகமாகச் சுழற்றும், உள்ளே வரும் கலவையோ மிகச் சொற்பம். பிஸ்டன் சீஸ் ஆவதற்கு, அதாவது சிலிண்டரோடு சிக்கி நின்றுவிடுவதற்கு, வாகான இடம் அதுதான். நல்ல நிலையில் உள்ள டூ ஸ்ட்ரோக்கிலும் நீண்ட இறக்கத்தில் சில விநாடிகளுக்கு ஒருமுறை கிளட்ச்சைப் பிடித்து ஒரு சிறு ரேஸ் கொடுப்பது நல்ல பழக்கம்.

நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு முதல் காரணம் பைலட் ஜெட் அடைப்பு. கார்புரேட்டரில் ஐடிலிங்குக்கும் சிறு திறப்புக்கும் பெட்ரோல் விடும் சிறு பித்தளைத் துண்டு அது. அந்த ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஃப்ளோட் பவுலில் (கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) விட்டுவைத்த பெட்ரோல் மெல்ல ஆவியாகி, மிஞ்சும் பிசினும் அதில் கலந்திருந்த ஆயிலும் துளையைச் சுற்றிப் படிந்துவிடும். ஆறு வாரம் அதற்குத் தாராளம்.

கழற்றும் முறை இது. பெட்ரோல் டேப்பை மூடுங்கள். கார்புரேட்டரின் இரண்டு பக்கக் கிளாம்புகளையும் தளர்த்துங்கள். வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் மண்ணை முதலில் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த மண்ணே உள்ளே விழும். அடியில் இருக்கும் பெரிய மூடியைக் கழற்றினால் மெயின் ஜெட் மட்டுமே கைக்கு எட்டும், பைலட் ஜெட்டுக்கு ஃப்ளோட் பவுலையே இறக்க வேண்டும். மெயின் ஜெட்டுக்குப் பக்கத்தில் ஒரு குழிக்குள் இருப்பதுதான் பைலட் ஜெட். அதன் காடிக்குச் சரியாகப் பொருந்தும் தட்டை ஸ்க்ரூ டிரைவரால் மட்டும் திருப்புங்கள். பித்தளை என்பதால் நுனி நழுவினால் காடி சிதைந்துவிடும், பிறகு அதை வெளியே எடுப்பது பெரும் பாடு.

எடுத்த ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சுத்தமான ஜெட்டில் ஊசி குத்தியதுபோல் ஒரு முழு வட்டம் வெளிச்சமாகத் தெரியும். அடைப்புள்ளதில் ஒன்றுமே தெரியாது, அல்லது பிறைபோல ஓரத்தில் மட்டும் வெளிச்சம் கசியும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, மறுபடியும் பாருங்கள். இரும்புக் கம்பியை உள்ளே விட வேண்டாம். பித்தளையைச் சுரண்டித் துளையை அகலமாக்கிவிட்டால் அந்த ஜெட்டில் எழுதியிருக்கும் எண்ணுக்கு அர்த்தமில்லை. வேண்டுமானால் நைலான் தூரிகையின் ஒற்றை முடி போதும். அதற்கும் அடைப்பு விடவில்லையென்றால் புது ஜெட் போடுங்கள், விலை அதிகமில்லாத பாகம் அது.

ஜெட்டைச் சுத்தம் செய்துவிட்டு அது உட்காரும் பாதையை மறந்துவிடுகிறவர்கள் பலர். ஏர் ஸ்க்ரூவை (ஐடிலிங்குக்கான காற்றைக் கூட்டிக் குறைக்கும் திருகு) மெல்ல உள்ளே திருப்பி, அது தட்டும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொண்டு, பிறகு முழுதாகக் கழற்றுங்கள். அதன் பின்னால் ஒரு சிறு ஸ்ப்ரிங்கும் ஓ ரிங்கும் இருக்கும், விழுந்து தொலைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பைலட் ஜெட் இருந்த துளை வழியாகக் கிளீனரைப் பீய்ச்சினால், ஸ்லைடுக்கு (ஆக்ஸிலேட்டரைத் திருகும்போது ஏறி இறங்கும் தடுப்பு) அருகில் இன்ஜின் பக்கத்தில் உள்ள சிறு துளையிலும் ஏர் ஸ்க்ரூ பாதையிலும் அது வெளிவர வேண்டும். கண்ணாடி அணிந்து செய்யுங்கள், எதிர்பாராத துளை வழியாக நேரே கண்ணுக்குத் தெறிக்கும்.

மாட்டியபின் ஏர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று வெளியே வைத்து, இன்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். ஐடிலிங்கில் வைத்து ஸ்க்ரூவை மெல்ல உள்ளேயும் வெளியேயும் திருப்புங்கள். ஐடிலிங் எந்த இடத்தில் அதிகமாக ஏறுகிறதோ அதுதான் சரியான இடம். அது ஒரு சுற்றுக்கும் குறைவாக வந்தால் ஒரு அளவு பெரிய பைலட் ஜெட் வேண்டும், இரண்டரைச் சுற்றைத் தாண்டினால் சிறியது வேண்டும். இந்தக் கார்புரேட்டரில் ஸ்க்ரூவை உள்ளே திருப்பினால் பெட்ரோல் விகிதம் கூடும், வெளியே திருப்பினால் குறையும்.

ஜெட் பளிச்சென்று இருந்தும் தொல்லை தீரவில்லையென்றால் காற்றுக் கசிவைத் தேடுங்கள். ஐடிலிங்கில் ஓடும்போது கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் இணைப்பின் மேல் தண்ணீரைப் பூவாகத் தெளியுங்கள். ஐடிலிங் சட்டென மாறினால் வெடிப்பு அங்கேதான். கிளீனரைத் தெளித்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. சூடான சைலன்சர் குழாய் பக்கத்தில் இருக்கும்போது எரியக்கூடிய எதையும் தெளிக்காதீர்கள். அந்த ரப்பரும் நன்றாக இருந்து, ரேஸ் விட்டபின் இன்ஜின் வேகம் உடனே இறங்காமல் தொங்கிக்கொண்டிருந்தால், இக்னிஷன் பக்கத்து கிராங்க் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மேல் சந்தேகம் வரும். கிளட்ச் பக்கத்துச் சீல் போயிருந்தால் அறிகுறி வேறு: வெண்புகை நிற்காது, கியர் ஆயிலும் குறையும். உங்கள் வண்டிக்குக் கியர் ஆயில் 0.8 லிட்டர். ஊற்றியது 800 மில்லி, வடித்தபோது வந்தது 650 என்றால், வெளியே கசிவும் இல்லையென்றால், மீதி எரிந்து போயிருக்கிறது. செகண்ட் ஹேண்ட் வண்டி என்பதால் இந்த அளவை ஒரு முறையாவது எடுத்துப் பாருங்கள்.

இனி உங்கள் உண்மையான கேள்வி. எத்தனை பைக் வைத்துக்கொள்ளலாம் என்பதை அவற்றை நிறுத்த உள்ள இடத்தையோ வாங்கும் காசையோ மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. பராமரிப்பு வேலையில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஓடிய மணிக்கணக்கில் வருவது: இன்ஜின் ஆயில், பிஸ்டன், வால்வு கிளியரன்ஸ், செயின், ஸ்ப்ராக்கெட், பிரேக் பேட், டயர் தேய்மானம். மற்றது ஓடினாலும் ஓடாவிட்டாலும் நாள்கணக்கில் வருவது: பெட்ரோல் கெடுவது, பேட்டரி இறங்குவது, பிரேக் ஆயில் ஈரம் இழுப்பது, சீல்களும் ரப்பர்களும் காய்வது, பேரிங்கில் துரு ஏறுவது, ஏர் பாக்ஸுக்குள் எலி கூடு கட்டுவது.

நீங்கள் மாதம் 8 மணி நேரம் ஓட்டுகிறீர்கள், ஆண்டுக்கு 96 மணி. இரண்டு பைக் என்றால் ஒவ்வொன்றுக்கும் 48, மூன்று என்றால் 32. ஆக மணிக்கணக்கு வேலை பங்கு பிரிந்துகொள்ளும், மொத்தம் பெரிதாக ஏறாது. நாள்கணக்கு வேலையோ ஒவ்வொரு பைக்குக்கும் முழுதாக வரும். இரண்டுக்கு இரண்டு மடங்கு, மூன்றுக்கு மூன்று மடங்கு. உங்கள் 300-ஐ நிறுத்தியது ஓட்டம் அல்ல, ஓடாமல் கிடந்த ஆறு வாரம்தான். மூன்றாவது ஒன்று வந்தால் ஏதாவது ஒன்று எப்போதும் இப்படித்தான் கிடக்கும்.

இரண்டு பைக்கையும் ஒழுங்காக வைத்துக்கொள்ள இவ்வளவு செய்தால் போதும். இரண்டுக்கும் ஹவர் மீட்டர் மாட்டுங்கள். பிளக் வயரில் சுற்றும் சிறிய வகையே நன்றாக வேலை செய்யும். சுவரில் ஒரு அட்டை தொங்கவிட்டு, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் தேதி, மீட்டர் எண், செய்த வேலை என மூன்றை மட்டும் எழுதுங்கள். கையேட்டில் மணிக்கணக்கு போட்டிருக்கும் வேலைகளை அதைப் பார்த்தே செய்யுங்கள். அந்த மணி வராவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு முறை ஆயில் மாற்றுங்கள், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பிரேக் ஆயில் மாற்றுங்கள். 300-இன் கிளட்ச்சும் ஹைட்ராலிக் என்பதால் அதன் ஆயிலும் இந்தக் கணக்கில் சேரும்.

300-ஐ இரண்டு வாரத்துக்கு மேல் எடுக்க மாட்டீர்கள் என்று தெரிந்தால், டேப்பை மூடிவிட்டு ஃப்ளோட் பவுலை வடித்துவிடுங்கள். டேப்பை மூடிவிட்டு இன்ஜினைத் தானாக நிற்கும்வரை ஓடவிடுவது சரியான வழி அல்ல. கடைசி நொடிகளில் கலவை வறண்டே ஓடும், பவுலின் அடியிலும் கொஞ்சம் மிஞ்சும். ஹோண்டாவில் கார்புரேட்டர் இல்லை, ஆனால் கிக்கரும் இல்லை. பேட்டரி போனால் வண்டி அங்கேயே நிற்கும். சும்மா நிற்கும் நாட்களில் மெயின்டெனன்ஸ் சார்ஜரில் போட்டுவையுங்கள். இன்ஜின் ஓடாமல் 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் உடனே சார்ஜ் தேவை. லித்தியம் பேட்டரி மாற்றியிருந்தால் லித்தியத்துக்கென உள்ள சார்ஜர்தான் போட வேண்டும். டேங்க்கை நிரப்பி வையுங்கள், காலி இடத்தில்தான் ஈரம் சேரும்.

வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவதைப் பலர் பராமரிப்பு என்று நம்புகிறார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் இன்ஜின் முழுச் சூட்டை எட்டாது. எரியும்போது உண்டாகும் ஈரம் உள்ளேயே தங்கும், ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயிலோடு பெட்ரோலும் கலக்கும். இருபது நிமிடமாவது சுமையோடு ஓட்டுங்கள், முடியாவிட்டால் ஸ்டார்ட் செய்யாமல் விடுங்கள்.

பெட்ரோல் கேன் விஷயத்தில் உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரே வீட்டில் டூ ஸ்ட்ரோக்கும் ஃபோர் ஸ்ட்ரோக்கும் இருந்தால் வரக்கூடிய மிகப் பெரிய ஆபத்து அதில்தான். ஆயில் கலக்காத பெட்ரோலை 300-இல் ஊற்றினால் சிலிண்டர் போய்விடும். கலந்த பெட்ரோல் ஒரு முறை ஹோண்டாவுக்குப் போனால் புகையும், பிளக் கறுக்கலாம், அவ்வளவுதான். இரண்டு கேன்களுக்கும் நிறம் மட்டும் வேறாக இருந்தால் போதாது. உருவமும் வேறாக இருக்கட்டும், இருட்டில் கை தடவினாலும் தெரிய வேண்டும். கலவைக் கேனில் கலந்த தேதியையும் விகிதத்தையும் எழுதி ஒட்டுங்கள், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். உங்கள் மாடலுக்குக் கையேடு சொல்வது 60-க்கு 1, அதாவது 5 லிட்டருக்கு 83 மில்லி. 40-க்கு 1 என்றால் 125 மில்லி. கண் மதிப்பில் ஊற்ற வேண்டாம், அளவுக் குவளை வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பெட்ரோல் ஊற்றி, ஆயில் விட்டு, குலுக்கி, மீதியை ஊற்றினால் சீராகக் கலக்கும். ஆயிலைக் கூட்டினால் கலவை ரிச் ஆகும், அதாவது காற்றோடு சேரும் பெட்ரோல் விகிதம் கூடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு, நடப்பது அதற்கு நேர் எதிர். அதே ஜெட் வழியாக ஆயில் கூடுதலாகப் போனால் பெட்ரோல்தான் குறையும்.

அடுத்தது நீங்கள் விழுவது. திறமைக் குறைவு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கை கால்கள் ஒரு வண்டியைக் கற்றுக்கொண்டு இன்னொன்றை ஓட்டுகின்றன. ஹோண்டாவில் ஆக்ஸிலேட்டரை மூடினாலே இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கும். 300-இல் அந்தப் பிடி மிகக் குறைவு. இறக்கத்தில் ஹோண்டாவின் பழக்கத்தில் பிரேக்கைத் தாமதமாகத் தொட்டால் திருப்பத்தைத் தாண்டிவிடுவீர்கள். 300-இல் இருந்து ஹோண்டாவுக்கு வரும் நாளில் கதை மாறும். இறுக்கமான திருப்பத்தில் சட்டென மூடினால் பின்சக்கரம் இழுபடும், வண்டி நிமிர்ந்து நிற்கும், அல்லது இன்ஜின் அணைந்து பக்கவாட்டில் சாயும். எந்த வண்டியில் எங்கே விழுகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள், பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

இன்ஜின்களை ஒன்றுபோல் ஆக்க முடியாது. ஆனால் உடல் தொடும் இடங்கள் அனைத்தையும் ஒன்றுபோல் ஆக்கலாம். இரண்டு வண்டிக்கும் ஒரே வளைவுள்ள ஹேண்டில்பாரும் ஒரே கிரிப்பும் போடுங்கள். பிறகு நன்றாகப் பொருந்தும் வண்டியை அளவாக வைத்து, ஃபுட்பெக்கின் மேல்பரப்பிலிருந்து கிரிப்பின் நடுப்பகுதிவரை டேப்பால் அளந்து, மற்றதை ரைசர் (ஹேண்டில்பாரை உயர்த்தும் துண்டு) வைத்து அந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். நின்றுகொண்டு ஓட்டும் நிலையில் இரண்டு விரல் நேராக லீவர் மேல் விழும்படி கோணத்தை வைத்து, இரண்டு வண்டியிலும் மார்க்கரால் கோடு போடுங்கள். பிரேக் லீவர் கிரிப்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் பிடிக்கத் தொடங்குகிறது என்பதையும் ஒத்துப்போகச் செய்யுங்கள். பின் பிரேக் பெடலின் நுனி ஃபுட்பெக்கைவிட எத்தனை மில்லிமீட்டர் கீழே என்று இரண்டிலும் அளந்து சமமாக்குங்கள், பூட்ஸ் அணிந்தபடியே சரிபாருங்கள். இந்தக் கடைசி ஒன்றைச் சரிசெய்த உடனேயே பலருக்குப் பாதித் தடுமாற்றம் நின்றுவிடுகிறது.

அதோடு சஸ்பென்ஷன் சேகையும், அதாவது எடை ஏறும்போது வண்டி எவ்வளவு இறங்குகிறது என்பதையும் பாருங்கள். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து நேர் மேலே ஃபெண்டரில் ஒரு குறிவரை அளங்கள். பிறகு இறக்கி, முழு உடுப்போடு, தண்ணீர்ப் பையோடு ஃபுட்பெக்கில் நின்று, உதவிக்கு ஒருவரை வைத்து அதே இடத்தை அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 300-இல் 110 மில்லிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டும். ஆள் ஏறாமல் வண்டியின் சொந்த எடையில் 30 முதல் 40 வரை இறங்கலாம். ஆள் ஏறிய அளவு சரியாக வந்து, ஆளில்லா அளவு மிகக் குறைவாக இருந்தால் ஸ்ப்ரிங் உங்களுக்கு மென்மையானது, அளவுக்கு மேல் இறுக்கி வைத்திருக்கிறீர்கள். முந்தைய உரிமையாளர் தன் எடைக்கு ஸ்ப்ரிங் மாற்றியிருக்கவும் கூடும், அதன்மேல் எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஹோண்டாவின் சஸ்பென்ஷன் ஓட்டம் குறைவு என்பதால் அதே 110 அங்கே பொருந்தாது. பின்சக்கர ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று கொள்ளுங்கள்.

ஒரே நாளில் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டாதீர்கள். அன்றைக்கு எடுத்த வண்டியில் முதல் பத்து நிமிடம் சமதளத்தில் இரண்டாவது கியரில் போய், ஆக்ஸிலேட்டரை மூடி, இரண்டு பிரேக்கும் பிடித்துப் பத்து முறை நிறுத்துங்கள். பிறகு ஒரு சிறு இறக்கத்தில் ஐந்து முறை. அதன் பின்னரே தடத்துக்குள் நுழையுங்கள்.

உதிரிப் பாகங்களில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. இரண்டு வண்டிக்கும் முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 18, செயினும் ஒரே 520 அளவு. ஒரு செயின் இணைப்பு லிங்க், ஒரு 21 அங்குல ட்யூப் பையில் இருந்தால் இரண்டுக்கும் ஆகும். அவசரத்துக்கு 21 ட்யூபைப் பின்டயருக்குள்ளும் போட்டு வீடு வந்து சேரலாம். ஸ்பேனர்தான் மாறும். ஹோண்டாவுக்கு 8, 10, 12, 14, கேடிஎம்முக்கு 8, 10, 13, கூடவே டார்க்ஸ் (நட்சத்திர முனை) பிட்டுகள். ஒரே பையில் இரண்டு வகையையும் வைத்துவிடுங்கள், வண்டிக்கு ஒரு பை என்று பிரித்தால் வேண்டிய ஸ்பேனர் வீட்டில்தான் இருக்கும்.

மோட்டோகிராஸ் பைக்கை வாங்க வேண்டாம். அதன் கியர்கள் நெருக்கமானவை, முதல் கியரே உயரம், ஃப்ளைவீல் (இன்ஜினைச் சீராகச் சுழல வைக்கும் கனச் சக்கரம்) இலேசு. பாறைகளுக்கிடையே நடைவேகத்தில் அணைந்துகொண்டே இருக்கும். வேகமாகக் காற்று பட்டுக் குளிரும்படி அமைத்த ரேடியேட்டர், பெரும்பாலும் ஃபேன் இருக்காது, மெதுவான ஏற்றத்தில் கொதித்துவிடும். பின்சக்கரம் 19, டயர் ஓரம் குட்டை, கல்லில் இடித்தால் ட்யூப் சீக்கிரம் கடிபடும். லைட் இல்லை, பல இடங்களில் பொதுத் தடத்துக்கு அதை அனுமதிக்கவும் மாட்டார்கள். ஆயில் கொள்ளளவு சிறியது, வால்வு, பிஸ்டன் கணக்கும் நெருக்கமாக வரும். 18 ரிம், கனமான ஃப்ளைவீல், ஃபேன், பெரிய டேங்க், மென்மையான ஸ்ப்ரிங் எல்லாம் மாற்றி முடித்தால் உங்களிடம் இருக்கும் 300-இன் வேலையைத்தான் அது செய்யும், அதைவிடச் சுமாராக. குதிப்பு மேடுகள் உள்ள மூடிய டிராக்கில் தவறாமல் ஓட்டப்போகிறீர்கள் என்றால் மட்டும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

இரண்டில் ஒன்றை விற்க வேண்டுமா? இப்போதைக்கு வேண்டாம். இரண்டும் வெவ்வேறு வேலை செய்கின்றன. சுமார் 120 கிலோ உள்ள காற்றுக் குளிர்ச்சி ஹோண்டா, நீண்ட நிதானமான நாளுக்கும் புதிதாகக் கற்க வருபவருக்குக் கொடுக்கவும் ஏற்றது. எரிபொருள் இல்லாமல் 100 கிலோவைச் சற்றே தாண்டும் 300, செங்குத்தான ஏற்றத்துக்கும் தூக்கி இழுக்க வேண்டிய பாறைக்கும். ஆனால் சுவர் அட்டை ஆறு மாதத்தில் உண்மையைச் சொல்லிவிடும். ஒரே வண்டி இரண்டு முறை ஆறு வாரத்துக்கு மேல் கிடந்திருந்தால், அதை நல்ல நிலையில் இருக்கும்போதே விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் மற்றதன் சஸ்பென்ஷனை உங்கள் எடைக்குச் செய்யுங்கள்.

ஒரு கண்டிப்பும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பழுதானால் அதைச் சரிசெய்யும்வரை மற்றதை எடுக்கக்கூடாது. ஓட்ட இன்னொன்று இருக்கிறதே என்ற நிம்மதியில்தான் பழுதான வண்டி மாதக்கணக்கில் மூலையில் கிடக்கிறது. ஆகவே இந்த ஞாயிறு ஓட்டம் இல்லை. ஃப்ளோட் பவுலை இறக்குங்கள், பைலட் ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஏர் ஸ்க்ரூ எத்தனை சுற்றில் நின்றது, கியர் ஆயில் எத்தனை மில்லி வந்தது, இந்த இரண்டு எண்ணையும் எழுதி அனுப்பினால் சீலைப் பிரிக்க வேண்டுமா என்று சொல்கிறேன்.